தேடல் கட்டத்தில் ஒரு மனு

நமக்குள் பேச்சு நின்று இரண்டு நாளாகிறது. அதனால் இந்தச் சீட்டில் ‘நான்’ வராது. உங்கள் வீட்டில் குடியிருக்கும் சண்முகக்கனி என்பவள்தான் வருவாள்.

முந்தாநாள் பயிர்க் காப்பீட்டுப் படிவம் தேடி இணையதளத்தைத் திறந்த அவள் கணவர், தேடல் கட்டத்துக்குள், “ஐயா, வணக்கம். பசுவந்தனை மானாவாரி விவசாயி பணிவுடன் எழுதிக்கொள்வது என்னவென்றால்” என்று ஆரம்பித்து, ‘இப்படிக்கு’ போட்டுப் பெயரும் எழுதினார். முடிவுகள் ஏதுமில்லை என்று வந்தது. “மனுவத் தள்ளுபடி பண்ணிட்டானுவளே” என்றார். கனி சிரித்துவிட்டாள். அவள் செய்த குற்றம் அவ்வளவுதான்.

நேற்று அவள் ‘காப்பீடு படிவம்’ என்று இரண்டே சொல் போட்டாள். வந்தது. கோவில்பட்டிக்கு பஸ் ஏறிப் போய் அச்செடுத்தும் வந்துவிட்டாள். நாளை கடைசி நாள்.

இன்று குளத்தூரில் உள்ள தங்கச்சி வீட்டுக்குப் போகிறாள். படிவத்துக்கு வழி: அடுப்படிக்குப் போகவும். மூடியிருக்கும் சட்டியில் உளுந்தஞ்சோறு, பக்கத்தில் எள்ளுத் துவையல். இரண்டையும் காலி செய்யவும். படிவம் சட்டிக்கு அடியில் இருக்கிறது. சாப்பிடாமல் உருவினால் சட்டி காட்டிக்கொடுத்துவிடும்.

பி.கு. ஆட்டுக்குட்டிக்குத் தண்ணீர் வைக்கவும். வெளியே போனால் சாவியைப் பக்கத்து வீட்டு மிக்கேலம்மாள் அக்காளிடம் கொடுக்கவும்.

இன்னொன்று. அங்கேயே தங்குவதா, சாயங்கால பஸ்ஸில் திரும்புவதா என்று கனி இன்னும் முடிவு செய்யவில்லை. போனில் மனு எல்லாம் அனுப்ப வேண்டாம். ‘ஏட்டி, வா’ என்று இரண்டு சொல் போதும்.

நான் வந்துருதேன்.