பதினைந்து மஞ்சள் மூடிகள்

அன்புள்ள அம்மாவுக்கு,

வைதேகி எழுதுவது. உன் முழங்கால் வலி தேவலையா? அப்பா மாத்திரையை ஒழுங்காகப் போடுகிறாரா? நான் நன்றாகத்தான் இருக்கிறேன். போனில் சொன்னால் குரலை வைத்தே ஏதாவது கண்டுபிடிப்பாய், அதனால்தான் எழுதுகிறேன்.

இங்கே சாங்வியில், நான் வேலை செய்யும் பட்டறையில் பழைய கம்ப்யூட்டர்களின் உடைந்த பிளாஸ்டிக் பாகங்களை அச்செடுத்துப் புதிதாக வார்க்கிறோம் இல்லையா? போன வாரம் முதலாளி தேவ்தர் சார், வருஷக்கணக்கில் மஞ்சளாகிப்போன ஒரு மூடியைக் கொடுத்து, "பாண்ட்ரா கர்" என்று சொல்லிவிட்டுப் போனார். என் அரைகுறை இந்தியில் பந்த்ரா என்றால் பதினைந்து, கர் என்றால் செய். அதே மஞ்சளைக் கலந்து பதினைந்து மூடி வார்த்து அடுக்கி வைத்தேன். அவர் பேசியது மராத்தி. அதில் பாண்ட்ரா என்றால் வெள்ளை!

எல்லோரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். இதை யாரிடமாவது தமிழில் சொல்லி இன்னொரு தடவை சிரிக்க வேண்டும் போலிருந்தது. ஞாயிற்றுக்கிழமை அறையில் இருப்புக்கொள்ளவில்லை. கடக்வாஸ்லா அணைக்குப் பஸ் ஏறிப் போய், அதைக்கூடப் பார்க்காமல் அடுத்த பஸ்ஸிலேயே திரும்பிவிட்டேன்.

ஒரு சின்ன உதவி. மிக்ஸி மூடி, ரேடியோ பட்டன் என்று வீட்டில் எது உடைந்திருந்தாலும் பார்சலில் அனுப்பு. அச்சு அசலாகச் செய்து தருகிறேன். என்ன நிறம் வேண்டும் என்று தமிழில் எழுதி வை.

கூரியர்காரர் வாசலில் நிற்கிறார், முடிக்கிறேன்.

உன்
வைதேகி

பி.கு.: ஒன்றும் உடையவில்லை என்றால், எதையாவது உடைத்தாவது அனுப்பம்மா.