குசினிக்குப் பக்கத்து அறை

பதுளை
12.3.1980

அன்புள்ள லரீபா,

நானும் உன் மகள் றஷீதாவும் சுகம். குவைத்தில் நீயும் சுகமாயிருக்க வேண்டுகிறேன். பள்ளி விட்டதும் என் அறைக்குத்தான் வருகிறாள். "உம்மா ஆக்குறதவிட காரம்" என்று சொல்லிக்கொண்டே மறுசோறு வாங்குகிறாள்.

நம் சந்தில் எதிர் வீட்டை உடைத்து வங்கிக்கு மாடி கட்டுகிறார்கள். வெளிநாட்டுப் பணம் வந்து நில விலையை ஏற்றிவிட்டதாம். நம் வரிசையின் ஆறு அறைகளையும் யாரோ கேட்கிறார்களாம். "இனி இந்த எடம் ஒனக்குச் சரிவராது, இராக்கம்மா" என்கிறார் வீட்டுக்காரர். பஞ்சத்தில் தேயிலைத் தோட்டத்தை விட்டு வந்து ஆறு வருஷமாக இந்தச் சந்து முழுவதையும் கூட்டுகிறவள் நான். எனக்குச் சரிவராதாம்! இந்த அறை போனால் மறுபடி தோட்டத்து லயம்தான்.

இராக்கம்மா

குவைத்
2.4.1980

அன்புள்ள இராக்கம்மா,

பதினொரு பேருக்கு ஆக்கிப் போட்டுவிட்டு, குசினிக்குப் பக்கத்து அறையில் அரிசி மூட்டைகளோடு படுக்கிறேன். கதவுக்கு உள்தாழ்ப்பாள் இல்லை. என் பெயரை யாரும் சொல்வதில்லை, மணி அடிப்பார்கள்.

நீ பயப்படாதே. நம் சந்திலேயே எனக்கு இடம் பார்க்கும்படி என் கூடப்பிறந்த புவாத் நானாவுக்கு எழுதியிருக்கிறேன். வேறெங்கும் நீ பக்கத்தில் இருக்கமாட்டாயே.

லரீபா

பதுளை
20.5.1980

அன்புள்ள லரீபா,

உன் நானா அளவு நாடாவோடு வந்தார். "யாருக்குங்க?" என்றேன். "லரீபாவுக்குத்தான்" என்றார். ஆறு அறையும் உன்னுடையதாம். அடுத்த மாதக் கடைசிக்குள் எல்லாரும் போகவேண்டுமாம். பக்கத்து அறைப் பெரியாயி ஒப்பாரி வைத்தாள். லரீபாவுக்குத் தெரிந்திருக்காது, எழுதினால் நிறுத்திவிடுவாள் என்று நான்தான் அடக்கினேன்.

என் அறையை மட்டுமாவது விடு. கேட்கக் கூசுகிறது. கேட்டுவிட்டேன்.

இராக்கம்மா

குவைத்
9.6.1980

அன்புள்ள இராக்கம்மா,

நம் வரிசையையே வாங்குவார் என்று, அல்லாஹ்மேல் ஆணை, எனக்குத் தெரியாது. இப்போது என் பெயரில் காணி உறுதி எழுதியாகிவிட்டது. கீழே கடை, மேலே வீடு. கடை வாடகை வந்தால்தான் நான் இங்கிருந்து மீளலாம்.

நீ எங்கும் போகாதே. பின்னால் குசினிக்குப் பக்கத்தில் ஒரு அறை போடச் சொல்லியிருக்கிறேன். ஆக்கவும் கூட்டவும் நம்பிக்கையான ஆள் வேண்டும்தானே.

லரீபா

கொஸ்லந்த
3.7.1980

லரீபா,

அண்ணன் லயத்தில் இருக்கிறேன். றஷீதாவை உன் நானா வீட்டில் விட்டேன். என் சேலையைப் பிடித்துக்கொண்டு விடவில்லை, விரல்களைப் பிரித்துத்தான் வந்தேன். காலையில் ஆள் எடுக்கும் பெரட்டில் வேலைக்குப் பெயர் கொடுத்தபோது, "டவுன் மகாராணி வந்துட்டாங்கடா" என்றார் கங்காணி. எல்லாரும் சிரித்தார்கள்.

அந்த அறைக்கு ஒன்று மட்டும் செய். கதவுக்கு உள்தாழ்ப்பாள் வைக்கச் சொல். வருகிறவளாவது பூட்டிக்கொண்டு தூங்கட்டும்.

இராக்கம்மா