ஒன்ஸ்மோர் கேட்டவள்

அண்ணே,

நேற்று சிம்மக்கல்லில் ஒரு மெத்தைக் கடை வாசலில் பழைய பஞ்சைக் கொட்டி அடித்துக்கொண்டிருந்தார்கள். அந்தத் தூசி வாசம் மூக்கில் ஏறியதும், மில்லிலிருந்து வந்து வாசலிலேயே சட்டையைக் கழற்றி உதறுவீர்களே, அந்தச் சமயநல்லூர் வீடு நினைவுக்கு வந்தது. தலையணை வாங்கப் போனவள் வாங்காமலே பஸ் ஏறிவிட்டேன்.

உங்களுக்கு அந்த வேலை கிடைத்ததே கபடியால்தான். மில் அணிக்கு ஆள் வேண்டுமென்று எடுத்து, பஞ்சு பிரிக்கிற பக்கம் போட்டார்கள். ஆண்டு விழாவில் போடும் பாட்டு நாடகத்திலும் ராஜா வேடம் உங்களுக்கே. "தொடை தட்டுறவனுக்குப் பாட்டு எதுக்குடா?" என்று உடன் ஆடுகிறவர்கள் கேலி செய்வார்கள்.

"ரெண்டுலயும் சனம் நம்ம மூச்சத்தான் பாத்துக்கிட்டு ஒக்காந்திருக்கு மாப்ள. ராஜா செயிப்பாருன்னு எல்லாருக்கும் தெரியும். இழுத்த பாட்டு நடுவுல அறாம நிக்குமான்னு எவனுக்குத் தெரியும்?" என்பீர்கள்.

மூச்சைப் பார்த்து உட்கார்ந்திருப்பது எனக்கும் தெரியும். கபடி கபடி என்று கோட்டைத் தாண்டிப் போய் நீங்கள் திரும்பும்வரை என் நெஞ்சு இறுகியிருக்கும். விருத்தத்தின் கடைசிச் சொல்லை நீங்கள் இழுத்துப் பிடிக்கும்போதும் அதே இறுக்கம்தான்.

நான் கல்லூரியில் இரண்டாம் ஆண்டு படித்தபோது வந்த ஆண்டு விழா. மதியம் இறுதி ஆட்டம். எதிரணிப் பக்கம் கபடி பாடிப் போன நீங்கள் பாதியில் நின்றீர்கள். யாரும் உங்களைத் தொடவில்லை. நடுவர் விசில்கூட ஊதவில்லை. நீங்களே கையைத் தூக்கிவிட்டு வெளியே வந்து உட்கார்ந்தீர்கள். தண்ணீர் கொண்டு ஓடி வந்தேன்.

"ஆறு மாசமா மூச்சு எட்ட மாட்டேங்குது தாயி. டாக்டர் ஆட்டம், பாட்டு ரெண்டையும் விடச் சொல்லிட்டாரு. சாயங்காலம் ஒரே ஒரு பாட்டு. அதோட நிறுத்திக்கிறேன். அம்மாகிட்ட சொல்லிறாத."

"அதுவும் வேணாம்ண்ணே."

"அட, ஒரு பாட்டுதான."

மாலையில் என் கல்லூரித் தோழிகள் பக்கத்தில் இருந்தார்கள். "நெசமாவே உங்க அண்ணனாடி?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார்கள். நீங்கள் கடைசிச் சொல்லை இழுத்து, நிறுத்தி, முடித்தீர்கள். கொட்டகை ஒரு நொடி அப்படியே இருந்தது. "ஒன்ஸ்மோர்!" என்று முதலில் எழுந்த குரல் என்னுடையது. மதியம் தெரிந்துகொண்டதெல்லாம் அந்த ஒரு நொடியில் எங்கே போயிற்று என்று இன்றுவரை எனக்கு விளங்கவில்லை. என் பின்னால் மொத்தக் கூட்டமும் கேட்டது. நீங்கள் பெண்கள் பக்கம் பார்த்துச் சிரித்துவிட்டு, ஆர்மோனியக்காரருக்குக் கை காட்டினீர்கள்.

இரண்டாம் முறையும் பாட்டு அறவில்லை. திரைக்குப் பின்னால்தான் மூங்கிலைப் பிடித்துக்கொண்டு, கிரீடத்தோடு குந்திவிட்டீர்கள்.

"முடியாதுன்னு கைய ஆட்டியிருக்கலாம்லண்ணே?"

கிரீடத்தைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டீர்கள். "ஆட்டத்துல மூச்சு விட்டா வெளிய போயி ஒக்காந்துக்கலாம். மேடையில அதுக்கு எடமில்ல தாயி." பிறகு கண்ணால் சிரித்தீர்கள். "மொதல்ல கத்துனது யாருன்னு தெரியாதாக்கும்? காது நல்லாத்தான் இருக்கு."

அதற்குப் பிறகு ஒன்றரை வருஷம் இருந்தீர்கள். ஒரு வரிகூடப் பாடவில்லை. பல வருஷப் பஞ்சுத் தூசி, ஒரு பாட்டால் வந்ததில்லை என்றார் டாக்டர். அவர் சொன்னதை நம்புகிறேன். ஆனாலும் மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று தினமும் நினைத்தேன். கல்லூரி விட்டு வந்தால் கட்டிலில் படுத்தபடியே, "வந்துருச்சு ஒன்ஸ்மோரு" என்பீர்கள். வீடே சிரிக்கும். நானும் சிரிப்பேன். கேட்க வந்த சொல் அந்தச் சிரிப்பில் போய்விடும். கடைசிவரை கேட்கவில்லை.

இப்போதும் பாட்டு நாடகம் என்றால் போய் உட்கார்ந்துவிடுகிறேன். பாட்டு முடிந்ததும் கூட்டம் இன்னொரு முறை கேட்கிறது. நான் பாடியவரின் தோளைப் பார்த்துக்கொண்டிருப்பேன். அது ஏறி இறங்கி அடங்கிய பிறகுதான் கை தட்டுகிறேன். அதற்குள் மற்றவர்கள் தட்டி ஓய்ந்திருப்பார்கள். என் கை மட்டும் தனியாகக் கேட்கும், அண்ணே.