லேவி முகோகோ சிகரெட்டை விட்டதால் இறக்கவில்லை என்பதைப் பதிவு செய்யக் கோருதல்

அனுப்புநர்
தவோங்கா நியிரெண்டா,
முன்னாள் தொடக்கப்பள்ளி ஆசிரியர்,
சந்தைக்குப் பின்புறம், லுவெங்கா,
வட மலாவி.

பெறுநர்
மாவட்ட சுகாதார அலுவலர் அவர்கள்,
லுவெங்கா மாவட்டம்.

பொருள்: லுவெங்கா மனநல மருத்துவமனை, ஆண்கள் மூன்றாம் வார்டில் 14.04.2023 அன்று இறந்த திரு. லேவி முகோகோவின் மரணக் காரணத்தை மறு விசாரணை செய்வதும், வார்டில் சிகரெட் கொடுத்து நோயாளிகளைப் பணிய வைப்பதை நிறுத்துவதும் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய அம்மையீர்,

1. நான் மேற்படி மருத்துவமனையில் இரண்டு ஆண்டுகள் நான்கு மாதங்கள் உள்நோயாளியாக இருந்து, கடந்த மே 30 அன்று வீடு திரும்பியவன். எனக்கு மனச்சிதைவு நோய் உண்டு. மாத்திரைகளைத் தவறாமல் சாப்பிட்டு வருகிறேன். இதை முதலிலேயே சொல்லிவிடுவது முறை என்று கருதுகிறேன்.

2. மூன்றாம் வார்டின் நடைமுறை தங்களுக்குத் தெரியாமல் இருக்கலாம். காலை மாத்திரையை விழுங்கி, வாயைத் திறந்து நாக்கைத் தூக்கிக் காட்டினால் ஒரு சிகரெட். கூடத்தைப் பெருக்கினால் இன்னொன்று. சண்டை போட்டால் அன்று கிடையாது. சிகரெட்டுகள் வார்டு பொறுப்பாளர் திரு. கலுவாவின் மேசை இழுப்பறையில் இருக்கும். சாவி அவர் இடுப்பில் இருக்கும். நான் அங்கே சேர்ந்த நாள் வரை புகைத்ததில்லை. எல்லாரும் வரிசையில் நின்றார்கள், நானும் நின்றேன். பகல் முழுவதும் அங்கே எதிர்பார்ப்பதற்கு வேறொன்றும் இல்லை.

3. திரு. லேவி முகோகோ எனக்கு அடுத்த கட்டில். வயது ஐம்பத்தொன்று. நோய் வருவதற்கு முன் புகையிலையைத் தரம் பிரிக்கும் கொட்டகையில் வேலை பார்த்தவர். சபைப் பாடகர் குழுவில் அடிக்குரல் அவருடையது. நான் பார்த்தபோது ஒரு நாளைக்கு இருபதுக்குக் குறையாமல் புகைத்தார். மற்றவர்களின் கட்டிலடியைக்கூடப் பெருக்கிக் கொடுத்து அவர்கள் பங்கை வாங்கிக்கொள்வார். இருமல் தொடங்கினால் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு குனிந்து நிற்பார்.

4. சென்ற ஜனவரியில் அவருடைய மகள் வெசி பார்க்க வந்தாள். ஜூனில் தனக்குத் திருமணம் என்றாள். "அப்பா, அன்னைக்கு நீங்கதான் பாடணும். இந்த இருமலோட எப்படிப் பாடுவீங்க? அந்தச் சனியனை விட்டுடுங்கப்பா" என்று அவர் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னாள். அவள் போன பிறகு லேவி ஒரு பாட்டைப் பாடிப் பார்த்தார். ஒரு வரிக்குள் மூன்று முறை மூச்சு வாங்க நின்றார்.

5. அந்தச் சமயத்தில்தான் செவிலியர் தெம்வா சிராம்போ எங்கள் வார்டுக்கு வந்தார். புதன்கிழமைதோறும் துணி உலர்த்தும் முற்றத்தில் ஆறு பேரை உட்காரவைத்துப் பேசுவார். திட்டியதும் இல்லை, நுரையீரல் படத்தைக் காட்டிப் பயமுறுத்தியதும் இல்லை. ஒரு நாளில் எந்தச் சிகரெட் ரொம்பப் பிடிக்கும் என்று ஒவ்வொருவரிடமும் கேட்டார். "மாத்திரை முழுங்கினதும் குடுக்கிறதுதான் சிஸ்டர். நாக்கை நீட்டி சம்பாதிச்சதாச்சே!" என்றார் லேவி. எல்லாரும் சிரித்தோம். பிடிக்காததை முதலில் விடுவது, பிடித்ததைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தள்ளிப்போடுவது, கை பரபரத்தால் வேர்க்கடலை உரிப்பது என்று சொல்லிக்கொடுத்தார். புகை ஆசையைத் தணிக்கத் தோலில் ஒட்டும் நிக்கோட்டின் பட்டை கேட்டு அவர் எழுதினார், வரவில்லை. கடலையை அவரே வீட்டிலிருந்து கொண்டுவந்தார். யார் எத்தனை குறைத்தார்கள் என்பதை ஒரு நோட்டில் எழுதும் பொறுப்பை, ஆசிரியன் என்பதால், எனக்குக் கொடுத்தார்.

6. திரு. கலுவாவுக்கு இது பிடிக்கவில்லை. எங்கள் முன்னாலேயே, "இவனுங்களுக்கு இருக்கிற ஒரே சுகம் இதுதாம்மா. இதையும் புடுங்கிட்டா அப்புறம் வார்டை யார் அடக்குறது, நீயா?" என்று கேட்டார். "மூச்சு விடுறதும் ஒரு சுகந்தானே ஐயா, அதையும் கொஞ்சம் பாருங்க" என்றார் தெம்வா. திரு. கலுவா கெட்ட மனிதர் என்று நான் சொல்லவில்லை. நாற்பது பேருக்கு அவர் ஒருவர். சிகரெட் இல்லாமல் எங்களை எப்படி நடத்துவது என்று அவருக்கு யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை.

7. மார்ச் 15 அன்று லேவி முழுவதுமாக விட்டார். அன்றே செவிலியர் தெம்வா வார்டு மருத்துவருக்கு ஒரு கடிதம் எழுதி, அதை எங்களுக்கு வாசித்துக் காட்டி, லேவியின் கோப்பில் வைத்தார். லேவி சாப்பிட்டது குளோசப்பின் என்னும் மாத்திரை. தெம்வா எங்களுக்குச் சொன்னது அப்படியே நினைவிருக்கிறது: "புகை உள்ளே போறவரைக்கும் ஈரல் இந்த மருந்தைச் சீக்கிரம் வெளியே தள்ளிடும். அதனாலதான் இவருக்கு இவ்ளோ மாத்திரை. புகை நின்னுட்டா மருந்து உடம்புலயே தங்கிடும். அளவைக் குறைச்சே ஆகணும்." கடிதம் கோரியதும் இதைத்தான்: அளவைக் குறைக்கவும், வாரந்தோறும் கவனிக்கவும்.

8. முதல் வாரம் லேவி பட்ட பாடு எனக்குத் தெரியும். துடைப்பத்தைச் சுவரில் வீசினார். அழுதார். நானும் அவரும் முற்றத்தைச் சுற்றிச் சுற்றி நடந்தோம். இரண்டாம் வாரத்தில் ஒரு வரியை ஒரே மூச்சில் பாடினார். வார்டே கை தட்டியது.

9. மார்ச் 27 அன்று செவிலியர் தெம்வா பிரசவ வார்டுக்கு மாற்றப்பட்டார். புதன்கிழமைக் கூட்டம் நின்றது. அளவு குறைக்கப்படவில்லை.

10. ஏப்ரல் முதல் வாரத்தில் லேவி உட்கார்ந்த இடத்தில் தூங்கினார். கையில் பிடித்த என்சிமா, அதாவது சோளக் களி, வாய்க்குப் போகாமல் மடியில் விழுந்தது. எச்சில் வடிந்து சட்டை நனைந்தது. நடந்தால் தள்ளாடினார். ஏப்ரல் 6 அன்று நான் மருத்துவரிடம் போய், மருந்து அதிகமாகிவிட்டது, கோப்பில் கடிதம் இருக்கிறது, தயவுசெய்து பாருங்கள் என்றேன். "நீ டாக்டரா?" என்றார். "வாத்தியார்ங்க. இருபத்திரண்டு நாளா இவர் புகைக்கல, நோட்டுல இருக்கு" என்றேன். என் மாத்திரையைச் சரியாகச் சாப்பிடுகிறேனா என்று திரு. கலுவாவிடம் கேட்டார். கோப்பைத் திறக்கவில்லை.

11. ஏப்ரல் 10 அன்று லேவி எழுந்து பெருக்க மறுத்தார். எழ முடியவில்லை என்பதே உண்மை. நோய் திரும்புகிறது என்று சொல்லி அளவைக் கூட்டினார்கள். ஏப்ரல் 14, வெள்ளி காலை, குளிக்கும் இடத்தில் அவருக்கு வலிப்பு வந்தது. தலை சிமெண்டுத் தொட்டியில் மோதியது. நான்தான் அவர் தலையை மடியில் வைத்திருந்தேன். மதியத்துக்கு முன் இறந்தார். புகைப்பதைத் திடீரென நிறுத்தியதால் வந்த வலிப்பு என்று மரணக் காரணத்தை எழுதினார்கள்.

12. வார்டில் கலவரம் வந்துவிடும் என்று அஞ்சி, அன்று திரு. கலுவா ஆளுக்கு இரண்டு சிகரெட் கொடுத்தார். நானும் வாங்கினேன். இரண்டையும் புகைத்தேன். மறைக்காமல் எழுதுகிறேன். மறுபடி விட எனக்கு ஐந்து வாரங்கள் ஆயின. எங்கள் குழுவின் மற்ற நால்வரும் இன்றும் புகைக்கிறார்கள். யாராவது விடப்போவதாகச் சொன்னால், "லேவிக்கு என்ன ஆச்சுன்னு பாத்தேல்ல?" என்கிறார்கள் மூன்றாம் வார்டில்.

13. உடலை வாங்க வந்த வெசியிடமும் இதையே சொல்லி அனுப்பியிருக்கிறார்கள்: "யாரோ விடச் சொல்லியிருக்காங்கம்மா. அந்த அதிர்ச்சியை மூளை தாங்கல." விடச் சொன்னது தான்தான் என்பது அவளுக்குத் தெரியும். ஜூனில் அவள் திருமணம் பாட்டு ஏதுமின்றி நடந்தது. நான் அவள் வீடு தேடிச் சென்று, உன் பேச்சு அவரைக் கொல்லவில்லை என்றேன். தேநீர் கொடுத்து மரியாதையாகத்தான் நடத்தினாள். பிறகு, "நீங்களும் அங்கே நோயாளியா இருந்தவர்தானே, மாமா" என்றாள்.

14. ஆகவே தாங்கள்,
அ) லேவியின் கோப்பை வரவழைத்து, மார்ச் 15 தேதியிட்ட கடிதத்தைப் படிக்கவும்;
ஆ) அவருடைய மரணக் காரணத்தைத் திருத்தி, அதை முத்திரையிட்ட தாளில் வெசிக்கு அனுப்பவும்;
இ) செவிலியர் தெம்வா சிராம்போவை மீண்டும் மனநல வார்டில் அமர்த்தவும்;
ஈ) புகைப்பதை விடும் எந்த நோயாளிக்கும் அதே வாரத்தில் மருந்தின் அளவைப் பார்க்க உத்தரவிடவும்;
உ) சிகரெட்டைக் கூலியாகக் கொடுப்பதையும் தண்டனையாக நிறுத்துவதையும் தடுக்கவும் வேண்டுகிறேன்.

மருத்துவரையோ திரு. கலுவாவையோ வேலையிலிருந்து நீக்குமாறு நான் கேட்கவில்லை.

15. கடைசியாக ஒன்று. எங்களைப் போன்றவர்கள் எழுதும் மனுக்கள் வழக்கமாக எங்கள் நோய்க் கோப்பிலேயே சேர்க்கப்படுகின்றன. நோயாளி நிறைய எழுதுகிறார் என்று அதன் மேல் குறிப்பும் எழுதப்படும். இந்த மனுவை என் கோப்பில் வைக்க வேண்டாம். லேவியின் கோப்பில் வையுங்கள்.

இணைப்பு: புதன்கிழமைக் குழு நோட்டின் நகல், பதினோரு பக்கங்கள்.

இடம்: லுவெங்கா
நாள்: 14.08.2023

தங்கள் பதிலுக்குக் காத்திருக்கும்,
(கையொப்பம்)
தவோங்கா நியிரெண்டா