வரிசையில் பன்னிரண்டாவது ஆள்

நவம்பர் 4
டிசம்பர் நிகழ்ச்சிக்கான பட்டியலை ஒட்டிவிட்டார்கள். பனி நடனத்துக்குப் பன்னிரண்டு பேர். பன்னிரண்டாவதாக என் பெயர்: நிலாணி. கீழே, பதிலாள் மெலிசா. இந்த பலே பள்ளியில், எங்கள் வகுப்பில், தமிழ்ப் பெட்டைகள் நாங்கள் இரண்டு பேர்தான். இந்த நடனத்தைப் பார்த்துத்தான் வசந்தத்தில் பெரிய பலே கொம்பனிக்கு ஆள் எடுப்பார்கள். எங்கள் இருவரையும் சேர்த்து எடுக்கமாட்டார்கள். அது இருவருக்கும் தெரியும்.

“காலை உடைச்சுப்போடாதை,” என்றாள் மெலிசா. “உடைச்சாலும் உடனே சொல்லு, நான் ரெடி.”

சிரித்தோம். பகிடிதான். முழுக்கப் பகிடி இல்லை.

நவம்பர் 12
கை, கழுத்து, முதுகு எல்லாம் வெள்ளைப் பவுடர் பூச வேண்டுமாம். “வரிசை ஒரே நிறமாகத் தெரிய வேண்டும், அது மரபு,” என்றாள் ஆசிரியை. எல்லோருக்கும் என்றாள், பார்த்தது என்னை. மற்றப் பதினொரு பேருக்கு அது பவுடர். எனக்கு அழிறப்பர்.

முடியாது என்றேன். மெலிசா குனிந்து தன் சப்பாத்து நாடாவை இறுக்கினாள்.

நவம்பர் 13
ஒரே நாள். என் பெயர் வெட்டப்பட்டு, மேலே பென்சிலால் மெலிசா. இப்போது நான் பதிலாள். அரை மணித்தியாலம் அந்தத் தாளுக்கு முன்னால் நின்றேன்.

நவம்பர் 15
அம்மா வேலையால் வந்து ஜக்கற்றைக் கழற்ற முதலே எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன்.

“பவுடர்தானே பிள்ளை? உன்ர சாமத்திய வீட்டுக்கும் பூசினதுதானே. படத்தில என்ன வடிவா வந்தது.”

சுவரில் அந்தப் படம். நான் பெரியபிள்ளையான பன்னிரண்டு வயது. முகம் வெள்ளை, கை என்னுடைய நிறம். ஐந்து வருடமாக அதற்குக் கீழேதான் காலை நீட்டிப் பழகுகிறேன். இதை ஏன் காணவில்லை?

“உது நானில்லை அம்மா.”

“பின்னை ஆர், பக்கத்து வீட்டுப் பெட்டையோ?”

அங்கை பள்ளியில அவளவை. இங்கை வீட்டில நீங்கள். நான் எங்கை போறது?

நவம்பர் 21
வீட்டுக்கு வரும் மல்வேர்ன் பஸ்ஸில் மெலிசா முன் சீற், நான் பின் சீற். பேசவில்லை. மா பூசி இடம் பிடிச்சவளோடை என்ன கதை?

டிசம்பர் 3


முழு உடுப்போடு ஒத்திகை. மெலிசா பவுடர் இல்லாமல் வந்தாள். பதினொரு சோடி வெள்ளைக் கைகளுக்குப் பக்கத்தில் அவளுடைய மண்ணிறக் கைகள். ஆசிரியை இசையை நிறுத்தினாள். ஏன் பூசவில்லை என்று கேட்டாள்.

“நிலாணி சொன்னது சரி. நான்தான் அண்டைக்கு வாயை மூடிக்கொண்டு நிண்டனான்.” ஆங்கிலத்தில்தான் சொன்னாள். எனக்குத் தமிழில் கேட்டது.

அவளை வெளியே போகச் சொன்னார்கள். பிறகு ஆசிரியை நான் இருந்த வாங்குப் பக்கம் திரும்பினாள். “உனக்கு ஆட்டம் தெரியும்தானே?”

தெரியும். எழும்பினேன். யாரோ பவுடர் டப்பாவை நீட்டினார்கள்.

டிசம்பர் 4
டப்பாவை வாங்கினனான். ஒருத்தரும் பிடிச்சுத் தள்ளேல்லை. ஏன் வாங்கினனான்?

டிசம்பர் 14
நிகழ்ச்சி நல்லபடி முடிந்தது. கொம்பனியிலிருந்து வந்த பெண் கை கொடுத்தாள். பஸ்ஸில் மெலிசா இல்லை. அவளுக்கு மூன்று முறை மெசேஜ் எழுதி அழித்தேன். இரண்டு தரம் குளித்தும் காதுக்குப் பின்னால் பவுடர் போகவில்லை.

அம்மா வரிசைப் படத்தைப் பெரிதாக எடுப்பித்து வந்திருக்கிறார். “பன்னிரண்டு பேரில என்ர பிள்ளை எதெண்டே தெரியேல்லை,” என்று எல்லோருக்கும் போனில் சந்தோசமாகச் சொல்கிறார். பழைய படத்துக்குப் பக்கத்தில் ஆணி அடிக்கிறார்.

சுத்தியலை எடுத்துக் கொடுத்தது நான்தான்.