மூன்று மாதம் பிந்தி வந்தவர்

1884, மார்ச் 3
படகிலேயே முழங்கால் வலி. சுல்தானின் வெளியுறவு அமைச்சகத்தின் படிகளை ஏறி முடிப்பதற்குள் பாதி நாள் போனதுபோல் இருந்தது. பிரஸ்ஸல்ஸ் தூதர் பதவிக்கு என் பெயர் மேலே போயிருக்கிறதாம். தலைமை எழுத்தர் நெஜாத்தி காதோடு சொன்னார். சந்தோஷம் வரவில்லை. படி இல்லாத வீடாகக் கொடுப்பார்களா என்றுதான் நினைத்தேன்.

மார்ச் 5
ஷாகிர் என்று ஒரு லாடக்காரர். போரில் நாம் இழந்த கிழக்கு மாவட்டத்து ஆள். ஒப்பந்தமாகி மூன்று வருடத்துக்குள் அங்கிருந்து வெளியேறியவர்கள் சுல்தானின் குடிகள், தங்கியவர்கள் ஜெயித்த நாட்டின் குடிகள். ஒப்பந்தத்தில் அந்த வரியை எழுதியவன் நான். ஷாகிர் எல்லை தாண்டியது கெடு முடிந்து மூன்று மாதம் கழித்து. அதற்குள் அவர்கள் தங்கள் பட்டாளத்தில் அவர் பெயரை எழுதிவிட்டார்கள். ஓடிவந்தவன் எங்கள் ஆள், ஒப்படையுங்கள் என்கிறது அவர்கள் தூதரகம். ஒப்படைத்தால் சுட்டுவிடுவார்கள். சட்ட ஆலோசகர் கருத்து எழுத வேண்டும். அதாவது நான்.

மார்ச் 6
எழுதவில்லை.

மார்ச் 8
தூதரகத்து மொழிபெயர்ப்பாளர் வந்தார். கையில், குடியுரிமை பற்றி நான் இருபது வருடம் முன் எழுதிய புத்தகம். நடுவில் பட்டு நாடா. கெடு என்றால் கெடுதான், காரணம் கேட்க ஆரம்பித்தால் எந்த ஒப்பந்தமும் நிற்காது என்று நான் எழுதியதை எனக்கே வாசித்துக் காட்டினார். "இதுக்கு மேல நாங்க என்னத்த வாதாடுறது? நீங்களே தீர்ப்பு எழுதி வச்சிருக்கீங்க" என்று காபியை உறிஞ்சினார். என் எழுத்து நடையையும் பாராட்டினார்.
அந்த வயதில்தான் எவ்வளவு நிச்சயம் எனக்கு.

மார்ச் 11
சிறைக்குப் போய் ஷாகிரைப் பார்த்தேன். போகாமலே இருந்திருக்கலாம். ஏன் பிந்தினீர்கள் என்று கேட்டேன்.
"கெடு எனக்குத் தெரியும் எஃபெந்தி. குளிருக்கு முன்னாலயே கெளம்பினோம். கணவாய் மூடிப்போச்சு. பொஞ்சாதிக்கு நெறமாசம். பனி உருகுற வரைக்கும் மேய்க்கிறவங்க குடிசையில கெடந்தோம்."
குழந்தை?
"அங்கயே பொதச்சிட்டோம்."
பிறகு, கோபமே இல்லாமல் கேட்டார்: "மூணு வருசம்னு எழுதினவங்க அந்தப் பக்கம் வந்திருக்காங்களா?"
வந்ததில்லை. வரைபடத்தில் பார்த்திருக்கிறேன். பேச்சுவார்த்தையின் கடைசி நாள், பனிக்காலம் நீங்கலாக என்று சேர்க்கலாமா என்று எதிர்த் தரப்பில் ஒருவர் கேட்டார். எல்லோருக்கும் அலுப்பு. எனக்கும்தான். வேண்டாமென்றேன் — நானே. என்ன மனுஷன்யா நான்?

மார்ச் 12
மனைவி தாகுஹியிடம் சொன்னேன். மீனுக்கு உப்புத் தடவிக்கொண்டிருந்தாள். "தப்புன்னா தப்புன்னு எழுதுங்க. அச்சுல வந்துட்டா வேதமா?" பிரஸ்ஸல்ஸ் போய்விடும் என்றேன். "போகட்டும். அங்க வருசம் பூரா மழையாமே."

மார்ச் 14
எழுதிவிட்டேன். பதினொரு பக்கம். வழி மூடியிருக்கும் நாட்கள் கெடுவில் சேராது. மாறாகச் சொல்லும் நூலாசிரியர் தவறிழைத்தார். கையெழுத்து: அதே நூலாசிரியர்.
அமைச்சர் இரண்டு முறை வாசித்தார். "உங்க பேர நீங்களே கெடுத்துக்கிறீங்க, ஒன்னிக் எஃபெந்தி. ஐரோப்பா முழுக்கச் சிரிப்பாங்க." சிரிக்கட்டும், அந்தப் பழைய புத்தகத்தைத் தற்காத்துப் பேச எனக்குத் தெம்பில்லை என்றேன். முத்திரை வைத்தார்.

ஏப்ரல் 2
ஷாகிரை விட்டுவிட்டார்கள். எங்கே போனார் என்று யாருக்கும் தெரியவில்லை.

மே 20
பிரஸ்ஸல்ஸுக்கு வேறு ஒருவர். பாரிஸ் சட்ட இதழ் ஒன்றில் என்னைப் பற்றி அரைப் பக்கம் — தன் நூலையே மறுத்த கிழவர். நெஜாத்தி ஒளிக்கப் பார்த்தார். வாங்கி வாசித்தேன். வலித்தது.

ஜூன் 9
காலையில் அமைச்சக வாசலில் கூட்டம். என் மேசையில் இருபத்தாறு மனுக்கள். எல்லோரும் அந்த மாவட்டத்துக்காரர்கள்; பிந்தி வந்து, இத்தனை நாள் இந்த நகரத்தில் ஒளிந்து வாழ்ந்தவர்கள். ஒவ்வொன்றிலும் ஒரு கணவாயின் பெயர், பனி விழுந்த நாள், உருகிய நாள். நாளைக்குப் பார்க்கலாமே என்றார் நெஜாத்தி. நாற்காலியை ஜன்னல் வெளிச்சத்துக்கு இழுத்துப் போடச் சொன்னேன்.
மதியத்துக்குள் நான்கு முடிந்தது.