தந்தச் சீப்பின் கதையும் கயிறு திரிக்கும் உலகியின் சொல்லும்

நலம் பெருகுக. மழை பருவம் தவறாது பொழிக. கரையை நம்பி வரும் கலங்கள் யாவும் கரை சேர்க.

முந்நீரை மதிலாகவும் பவழத்தை விளைச்சலாகவும் உடைய பவழவேலி நாட்டை ஆளும் நன்னுதல் மாதேவியார் திருவாய் மலர்ந்தருளியபடி, ஓலைநாயகம் கீரங்கண்ணனார் எழுதியது. சங்குத்துறையின் காவலரும், புயலிலும் துறை நீங்காதவர் என்று பெயர் பெற்றவருமான துறைநாயகர் நாகன் வேளார் இவ்வோலையைக் கண்ணில் ஒற்றிப் படித்து, கண்டபடி நடக்க. உமது துறையும் குடியும் சுற்றமும் நலமுடன் இருக்க மாதேவியார் வாழ்த்துகிறார்.

ஒற்றைப்பாறைத் தீவின் கலங்கரை விளக்கை ஆம்பலாள் என்னும் பெண் காத்து வருவதை நீர் அறிவீர். உமது கலங்கள் அவள் ஏற்றும் தீயைப் பார்த்தே வீடு திரும்புகின்றன. அவளைப் பார்த்தவரோ உம்மவரில் ஒருவர் இருவரே. பத்தொன்பது ஆண்டுகளுக்கு முன்பு அவள் கடம்பன் என்னும் மாலுமியை மணந்தாள். நாற்பத்தொரு நாள் அவனோடு வாழ்ந்தாள். நன்னீர் எடுத்து வருகிறேன் என்று தோணி ஏறிப் போனவன் அதன்பின் வரவில்லை. தோணியும் கிடைக்கவில்லை, உடலும் கிடைக்கவில்லை. விளக்கைக் காத்த தந்தையும் இறந்தபின் தீவில் அவள் ஒருத்தியே எஞ்சினாள். மாதம் ஒருமுறை அரிசியும் எண்ணெயும் இறக்கும் படகுக்காரர், எண்ணெய் நன்றாக எரிகிறதா என்று கேட்பார்கள், எரிகிறது என்பாள். அந்த மாதத்துக்கு அவள் மனிதரோடு பேசிய பேச்சு அவ்வளவே.

அப்படி இருந்தவள் ஒரு கதை எழுதினாள். விளக்கின் நிலவரம் எழுதி அனுப்பும் ஓலைக்கட்டோடு, மாதம் பத்து ஏடாக அதை அரண்மனைக்கு அனுப்பி வந்தாள். முன்பின் தெரியாத ஒருவனை ஒரு பெண் காதலித்து மணக்கிறாள். அவன் பெட்டியின் அடியில், இரத்தக் கறை படிந்த தந்தச் சீப்பு ஒன்று அவள் கண்ணில் படுகிறது. ஊரில் நடந்த ஒரு கொலையைச் செய்தவன் இவன்தானோ என்று அஞ்சுகிறாள். அஞ்சிக்கொண்டே அவனுக்குச் சோறு போடுகிறாள். அஞ்சிக்கொண்டே அவன் வரவுக்கு ஏங்குகிறாள். ஒருநாள் அவன் சொல்லாமல் மறைகிறான். கடைசி ஏட்டில் குற்றம் ஊர் வைத்தியனுடையது என்று தெளிய, போனவன் திரும்பி வருகிறான். மாதேவியார் அதைப் படித்து, படியெடுத்து ஏழு ஊர்களுக்கு அனுப்பச் செய்தார். ஓராண்டு கழிந்தபின், படித்தவர்களும் கேட்டவர்களும் சொல்வதை அவரவர் வாய்மொழி மாறாமல் எழுதிவந்து ஆம்பலாளிடமே சேர்க்கும்படி, சுவடிக் கண்காணி இளங்கூத்தனை அனுப்பினார். தன் கதையைப் பிறர் படிக்கிறார்கள் என்பதே அதுவரை அவளுக்குத் தெரியாது.

இளங்கூத்தன் தீவில் இறங்கியபோது, அவனை உட்காரச் சொல்லவேண்டும் என்பதை அவள் மறந்திருந்தாள். அவன் நின்றபடியே சில ஏடுகளைப் படித்த பின்புதான் நினைவு வந்து, ஓடிப்போய்ப் பாய் கொண்டுவந்தாள்.

மாந்தோப்பூர் நெசவாளர் தெருப் பெண்கள் சொன்னது: "சீப்புல ரத்தம் இருக்குற இடம் வந்ததும் தறிய நிறுத்திட்டோம். அன்னைக்கு ஒரு முழங்கூட யாரும் நெய்யல." அவர்கள் எந்தத் தெருவில் எந்த மரத்தடியில் உட்கார்ந்து கேட்டார்கள், வாசித்தவள் குரல் எப்படி இருந்தது என்று ஆம்பலாள் திரும்பத் திரும்பக் கேட்டாள்.

குதிரை லாயத்துக் காவலன் சொன்னது: "மூணாம் பகுதியிலேயே கண்டுபிடிச்சிட்டேன், அந்த வைத்தியன்தான் கொலைகாரன்னு. அப்புறமும் ஏன் படிச்சேன்னா, அந்தப் பொண்ணுக்கு அது எப்பத் தெரியும்னு பாக்கத்தான்." இதைக் கேட்டு அவள் சிரித்தாள். தன் சிரிப்பொலி தன் காதில் விழுந்ததும் திடுக்கிட்டு வாயைப் பொத்திக்கொண்டாள் என்று இளங்கூத்தன் எழுதியிருக்கிறான்.

மருதூர் மருத்துவச்சி சொன்னது: "கதை நல்லாத்தான் இருக்கு. ஆனா புருசன் பொண்டாட்டி பேச்சு சரியில்ல. சோறு குழைஞ்சுபோச்சுன்னு ஒருநாளாவது இதுங்க சண்ட போட்டிருக்குங்களா? எழுதினவங்க கூடிவாழ்ந்தது கொஞ்ச நாளுன்னு தோணுது."

இதைக் கேட்டு அவள் அடுப்பைத் திரும்பிப் பார்த்தாள். பிறகு, "நாப்பத்தோரு நாள்ல சோறு குழையவே இல்லைங்க" என்றாள்.

குயவர் ஒருவர் முடிவே பொய் என்றார். "போனவன் வந்தான்னு எழுதுறது சுலபம். வராதவனுக்காக உக்காந்திருக்கிறவங்க இதப் படிச்சா என்ன செய்வாங்க?" என்று கேட்டிருந்தார். அந்த ஏட்டை அவள் கையில் வாங்கி, மடியில் வைத்துக்கொண்டாள்.

இன்னும் ஓர் ஏடு இருந்தது. அதை இளங்கூத்தன் வெளியே எடுக்கவில்லை. இடைக்கச்சில் செருகி வைத்திருந்தான். படகு வர மூன்று நாள் இருந்தது. இரண்டு நாள் வேறு பேச்சுப் பேசியே கழித்தான். மூன்றாம் நாள் காலை அவள் தானே கேட்டாள்: "சங்குத்துறையில யாருமே படிக்கலீங்களா? தினமும் அவங்களுக்குத்தானே விளக்கேத்துறேன்."

அவனால் பொய் சொல்ல முடியவில்லை. ஏட்டை எடுத்துக் கொடுத்துவிட்டு, கடலைப் பார்த்துத் திரும்பி நின்றான். அவள் தானே படித்தாள்.

உமது துறையில் கயிறு திரிக்கும் உலகி என்பவள், சாவடியில் கதை வாசிக்கக் கேட்டுவிட்டுச் சொன்னது அது: "வீட்ட விட்டுப் போறப்ப, வெளியில நின்னு கதவ மூணு தட்டுத் தட்டிட்டுப் போவான்னு கதையில வருதே, எங்க வீட்டுக்காரரும் அப்படித்தான் செய்வாரு. ஏன்னு கேட்டா, 'கதவு என்ன மறந்துடக் கூடாதுல்ல'ம்பாரு. அதே சொல்லு கதையிலயும் இருக்கு. அந்தப் பழக்கம் வேற யாருகிட்டயும் நான் பாத்ததில்ல. தனக்கு முன்னாடி யாரும் இல்லன்னுதான் சொன்னாரு. பதினாறு வருசம் எங்கூட இருந்தாரு. மூணு வருசம் முன்னாடி காய்ச்சல்ல போயிட்டாரு. இத எழுதினது யாருங்க?"

ஆம்பலாள் ஏட்டைச் சுருட்டிக் கொடுத்துவிட்டு மாடம் ஏறினாள். பட்டப்பகலில் விளக்கின் கரியைத் துடைத்தாள். துடைத்ததையே மறுபடியும் துடைத்தாள். பதினாறு ஆண்டுகளாக அவளிட்ட தீ தெரியும் கரையிலேயே கடம்பன் இருந்திருக்கிறான். அந்த வெளிச்சத்தைப் பார்த்தபடி உண்டிருக்கிறான், உறங்கியிருக்கிறான். உச்சிவெயில் சாய்ந்தபின் இறங்கி வந்தாள். முகம் கழுவியிருந்தாள்.

"ரொம்பக் கஷ்டப்பட்டாரா?" என்று கேட்டாள். ஐந்து நாள் காய்ச்சல், நினைவு தப்பியே போனான் என்று உலகி சொன்னதை இளங்கூத்தன் சொன்னான். "பிள்ளைங்க?" இல்லை என்றான். "அப்ப அவங்களும் தனியாத்தான் இருக்காங்களா?" தனியாகத்தான் என்றான். அவள் கடம்பனைப் பற்றி வசையாக ஒரு சொல்லும் சொல்லவில்லை. பொறுத்தேன் என்றும் சொல்லவில்லை. கதையின் முடிவை மாற்ற விரும்பினால் படிகளைத் திருத்தச் செய்வதாக இளங்கூத்தன் சொன்னபோது, "வேணாங்க, தறிய நிறுத்திட்டுக் கேட்டவங்க இருக்காங்க. அது இப்ப அவங்க கதை" என்றாள். மாதேவியார் அருளியிருந்த தலைநகர் வாசத்தையும் அவள் ஏற்கவில்லை. கேட்டது ஒன்றே. அதை மாதேவியார் கட்டளையாக்கி அருளினார்.

ஆகவே, துறைநாயகரே, வரும் வளர்பிறை ஐந்தாம் நாள் நிழற்கூண்டு உள்ள படகொன்றை உலகியின் வீட்டருகே நிறுத்துக. இவ்வோலையை அவள் மட்டும் கேட்கும்படி படித்துக் காட்டுக. ஒற்றைப்பாறைக்கு வர இசைந்தால், தக்க துணையோடு அனுப்பி, அவள் விரும்பும்வரை அங்கே இருக்கவிட்டு, விரும்பும் நாளில் அழைத்து வருக. இசையாவிடில் வற்புறுத்தற்க, ஊராரில் எவரும் அவளிடம் ஒரு கேள்வியும் கேளாதபடி காக்க. இக்கட்டளை பிழைத்தவர் மாதேவியாரின் சினத்துக்கு உரியவர்.

ஆம்பலாள் சொல்லியனுப்பியதை ஓரெழுத்தும் மாற்றாமல் உலகியிடம் சொல்லுக: "அவர் தூங்கும்போது காலை மடக்கிக்குவாரா, நீட்டிக்குவாரான்னு எனக்கு நினைவில்லைங்க. யோசிச்சு யோசிச்சுப் பாத்துட்டேன். வந்து அத மட்டும் சொன்னாப் போதும். அடுப்புல எப்பவும் ரெண்டு பேருக்கு உலை வெச்சுத்தான் எனக்குப் பழக்கம்."

இருமீன் இலச்சினை இடப்பட்டது. நன்னுதல் மாதேவியார் ஆட்சியின் ஒன்பதாம் ஆண்டு, தை மாதம், தேய்பிறை ஏழாம் நாள். உலகி படகு ஏறினாளா, இல்லையா என்பதை உடனே எழுதுக, மாதேவியார் காத்திருக்கிறார்.